பிறதளத்து நிரல்களும் வழுவமைதியும்

எம் கல்லூரித் தமிழ்த்துறை நூலகத்தின் மரப்பேழை ஒன்றில், பழைய ஆண்டு மலர்களுக்கும் மங்கிப்போன பரிசுக் கோப்பைகளுக்கும் இடையே, ஒரு குறுந்தகடு நெடுங்காலம் கேட்பாரின்றிக் கிடந்தது. பண்டைத் தமிழ் நூல்கள் சிலவற்றின் சொல்லடைவு அதன்கண் அடங்கியிருந்தது. ஒரு சொல்லை உள்ளிட்டால், அச்சொல் எந்நூலில் எவ்வடியில் பயின்றுளது என்பதை வரிசையுற எடுத்துக் காட்டும் என்று உறையின்மேல் அச்சிட்டிருந்தனர். ஆனர்ஸ் வகுப்பிற் கட்டுரை எழுதப் புகும் எம்மனோர்க்கு அஃது எத்துணைப் பயன்படும் என்பதை விரித்துரைத்தல் மிகை. ஆயின் அத்தகடு 1990-களின் நடுவில் விண்டோஸ் என்னும் இயங்குதளத்திற்கென ஆக்கப்பெற்றது. துறையிலுள்ள கணினியோ லினக்ஸ் என்னும் பிறிதொரு தளத்தைக் கொண்டது.

விடுதித் தோழர் ஒருவரிடம் விண்டோஸ் 11 கொண்ட புதிய கணினி இருந்தது. தன் குலத்துப் பிள்ளையை அஃது ஏற்றுக்கொள்ளும் என்றெண்ணித் தகட்டினைப் படியெடுத்து அதனுள் இட்டோம். இந்நிரல் இக்கணினியில் இயங்காது என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு வந்ததேயன்றிப் பிறிதொன்றும் நிகழவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. அந்நிரல் 16 பிட் முறையில் எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் பதிப்புகள் 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. விண்டோஸ் 11-க்கோ 64 பிட் பதிப்பன்றி வேறு பதிப்பே இல்லை.

சொந்த வீட்டில் இடம் பெறாத நிரலுக்கு அயல் வீடு இடங்கொடுத்தது. இயற்பியல் வகுப்பு நண்பர் ஒருவர், துறையின் லினக்ஸ் கணினியில் 'வைன்' என்பதை இட்டுப் பாருங்கள் என்றார். (விடுதிக் காப்பாளர் செவியில் அச்சொல் விழுந்திருப்பின் வேறொரு விசாரணை தொடங்கியிருக்கும்.) அவர் சொன்னவாறே வைன் என்னும் நிரலை நிறுவினோம், தகட்டின் நிரலை அதனிடம் ஒப்படைத்தோம். சிறிது நேரத்தில் முப்பதாண்டுப் பழமையுடைய சாம்பல் நிறச் சாளரம் ஒன்று திரையில் எழுந்தது.

இஃது எங்ஙனம் கூடிற்று? ஒரு தளத்திற்கென எழுதிய நிரல், மற்றொரு தளத்தில், தன்னை ஆக்கியோர் உதவியும் இன்றி எவ்வாறு இயங்குகின்றது? இவ்வினாவிற்கு யாம் தேடிக் கண்ட விடையினைக் கணினித் துறை பயிலாதார்க்கும் விளங்குமாறு ஈண்டு எழுதப் புகுந்தோம். கற்றுத் துறைபோய பழைய மாணவர்கள் குற்றங்காணின் பொறுத்தருள்க.

கணினியில் இயங்கும் எந்நிரலும், அது கணக்கெழுதும் செயலியாயினும் விளையாட்டாயினும், இருவகைச் சொற்களால் ஆயது. ஒருவகை, கணினியின் நடுவிலுள்ள சில்லிற்கு நேரே இடும் கட்டளைகள்: இவ்விரண்டு எண்களையும் கூட்டுக, இதனை அதனோடு ஒப்பிடுக, இதனை அங்கே வைக்க என்பன. மற்றொருவகை, இயங்குதளத்தை நோக்கிய வேண்டுகோள்கள்: இக்கோப்பினைத் திறந்து தருக, இத்துணை அகலத்தில் ஒரு சாளரம் வரைக, இவ்வெழுத்தை இவ்விடத்தில் இடுக என்பன. முன்னைய வகையில் இடர் யாதும் இல்லை. ஒரே சில்லின்மேல் விண்டோஸ் இருந்தால் என், லினக்ஸ் இருந்தால் என், கூட்டல் கூட்டலே. இடர் முழுவதும் பின்னைய வகையிலேதான் உளது. வேண்டுகோள் ஒவ்வொன்றிற்கும் விண்டோஸில் ஒரு பெயர் உண்டு. அதனோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவற்றிற்கு ஒரு வரிசை உண்டு. அப்பெயர்கள் கெர்னல்32, யூசர்32, ஜிடிஐ32 என்றாற்போன்ற கோப்புகளில் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. லினக்ஸோ இப்பெயர்களுள் ஒன்றையும் அறியாது. கோப்பினைத் திறக்க அதற்கும் தெரியும். கேட்கும் முறைதான் வேறு. தமிழே எழுதினும் ஓர் அலுவலகத்து மனுப்படிவம் மற்றோர் அலுவலகத்திற் செல்லாதவாறு போல்வது இது.

வைன் செய்வது யாதெனின், அப்பெயர்களையே தாங்கிய கோப்புகளைத் தானும் வைத்துக்கொண்டு, நிரல் கேட்கும்போதெல்லாம் விண்டோஸைப் போல மறுமொழி கூறுதலாம். கேட்டதனை லினக்ஸின் முறைக்கு மாற்றிச் செய்வித்து, விளைவினை விண்டோஸின் முறையில் திருப்பித் தருகின்றது. நிரலோ தான் வீடு மாறியதை அறிவதில்லை. அதற்கெனச் 'சி' என்னும் வட்டு ஒன்றும் வேண்டுமன்றோ? வைன் ஒரு சாதாரண உறையினை எடுத்து, அதுவே சி வட்டு என்று நிரலுக்குக் காட்டுகின்றது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் ஆங்கில வேறுபாட்டை விண்டோஸ் கோப்புப் பெயர்களிற் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். இவ்வொன்றற்காகவும் வைன் இடையில் நின்று தேடித் தரவேண்டியுளது. அவ்வேறுபாடே இல்லாத மொழியைக் கற்கின்ற எமக்கு இது சற்றே நகைப்பை விளைத்தது.

வைன் என்னும் பெயரும் ஒரு விளக்கமேயாம். 'வைன் என்பது எமுலேட்டர் அன்று' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளாற் பிறந்தது அப்பெயர். தன்னை விளக்குமிடத்துத் தன்னையே மீண்டும் சொல்லிக்கொள்கிறது. எமுலேட்டர் என்பது ஒரு கணினியின் சில்லு முதலாக அனைத்தையும் நிரலாலேயே நடித்துக் காட்டுவது. 2002-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்பது இவ்வினத்தது. பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றும் அதன் துணையால் ஆடுகின்றனர். ஆப்பிள் நிறுவனம் 2020-இல் தன் கணினிகளின் சில்லினையே மாற்றியபோது, பழைய சில்லின் கட்டளைகளைப் புதிய சில்லின் கட்டளைகளாக மாற்றும் ரொசெட்டா 2 என்பதனை உடன் தந்தது. அதனை மொழிபெயர்ப்பு எனலாம். வைன் இவ்விரண்டும் அன்று. மொழி ஒன்றாயிருக்க, மரபு மட்டும் வேறாகிய இடத்தில் நிற்பது அது.

இம்முயற்சி 1993-இல் தொடங்கிற்று. பாப் அம்ஸ்டாட், எரிக் யங்டேல் என்னும் இருவர் அக்காலத்து விண்டோஸ் 3.1-இன் நிரல்களை லினக்ஸில் இயக்கும் கருத்துடன் இதனைத் தொடங்கினர். மறு ஆண்டே அலெக்சாந்தர் ஜூலியார் என்பவர் தலைமையை ஏற்றார்; அன்று ஏற்றவர் இன்றுகாறும் விட்டிலர். உலகெங்கிலுமுள்ள நிரலர் பலர், பெரும்பாலும் ஊதியம் கருதாது, அவருக்குத் துணைநின்றனர். எனினும் 1.0 என்னும் முதற்பதிப்பு வெளிவந்தது 2008-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாளிலேயே. பதினைந்து ஆண்டுகள்! யாம் பிறப்பதற்கு முன்னரே முடிந்துபோன ஒரு பொருளன்று இது என்பதையும் கருதவேண்டும். அவர்கள் ஒன்றைக் கற்று முடிப்பதற்குள் விண்டோஸ் 95, 98, எக்ஸ்பி, விஸ்டா என்று அடுத்தடுத்து வந்தன.

இத்துணைக் காலம் ஏன் ஆயிற்று என்பதே எம்மை மிகவும் ஈர்த்த பகுதி. விண்டோஸின் வேண்டுகோள்களுக்கு மைக்ரோசாப்ட் நிறுவனமே விளக்கநூல் வெளியிட்டுளது. அதனைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதிவிட்டால் போதாதோ எனின், போதாது. நூலில் எழுதப்பட்டது ஒன்று; விண்டோஸ் உண்மையிற் செய்வது சிலவிடத்து வேறொன்று; நிரல் எழுதினோர் நம்பியிருப்பது அப்பின்னதனையே. ஒரு வேண்டுகோள் தவறிப்போனால் இன்ன எண்ணைத் திருப்பித் தரும் என்று நூல் கூறும். விண்டோஸ் வேறோர் எண்ணைத் தரும். நிரலோ அவ்வேறோர் எண்ணை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கும். அவ்விடத்து நூலின்படி ஒழுகும் வைன் தோற்கும். பிழையின்படி ஒழுகும் வைன் வெல்லும்.

இதனைப் படித்தபொழுது எமக்கு நன்னூல் வகுப்பு நினைவிற்கு வந்தது. வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றும் அன்றோ நாம் கற்றவை? இலக்கண நெறி பிறழாதது வழாநிலை. பிறழ்ந்தது வழு. பிறழ்ந்ததேயாயினும், காரணம் பற்றிச் சான்றோர் ஏற்றுக்கொண்டது வழுவமைதி. உவப்பு மிகுதியால் தன் பசுவினை ஒருவன் அம்மை வந்தாள் என்று கூறின், அஃறிணையை உயர்திணையாற் கூறிய குற்றம் அதனிடத்து உண்டு. எனினும் ஆசிரியர் அதனை விலக்காது அமைத்துக்கொண்டனர், வழக்கு அவ்வாறிருத்தலின். இருபது முப்பது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான நிரல்கள் ஒரு பிழையின்மேல் நின்று பழகிவிட்டன எனின், அப்பிழை அதன்பின் பிழையன்று, அத்தளத்தின் வழக்கு. வைன் எழுதுவோர் செய்வது, கணினிக்கு ஒரு வழுவமைதி இயல் எழுதுதலேயாம்.

விண்டோஸை ஆக்கியோரும் இவ்வாறே ஒழுகினர் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. சிம்சிட்டி என்பது நகரம் அமைக்கும் விளையாட்டு. அதன் விண்டோஸ் 3 பதிப்பிலே, இனி வேண்டாவென்று திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகப் பகுதியை உடனே மீண்டும் எடுத்துப் படிக்கும் பிழை ஒன்று இருந்தது. காலி செய்த அறைக்குள் மறுபடியும் நுழைந்து பழைய பொருளைத் தேடுவது போன்றது அது. பழைய விண்டோஸில் அவ்வறையை உடனே பிறர்க்குக் கொடுப்பதில்லை, ஆதலின் தீங்கில்லை. விண்டோஸ் 95-இலோ விளையாட்டு வீழ்ந்துவிட்டது. மைக்ரோசாப்ட் பொறியாளர் விளையாட்டைக் குறைகூறவில்லை. இயங்குவது சிம்சிட்டியாயின் நினைவகத்தை வேறு முறையிற் கையாள்க என்று தம் இயங்குதளத்திலேயே ஒரு விதி சேர்த்தனர். ஜோயல் ஸ்போல்ஸ்கி என்னும் நிரலர், அவ்விளையாட்டின் ஆக்கியோர் வாய்க்கேட்டதாக இதனை எழுதியுள்ளார்.

ஆயின் வைன் எழுதுவோர்க்கு விண்டோஸின் மூலநிரலைக் காணும் உரிமை இல்லை. காணவும் கூடாது, எவ்வழியிலேனும் அதனைக் கண்டவர் எழுதித் தருவதை அவர்கள் ஏற்பதில்லை. கண்டவர் எழுதினால் களவென்று வழக்கு வரும் அன்றோ? எனவே புறத்தே நின்றுதான் அறியவேண்டும். இவ்வாறு கேட்டால் என்ன வருகின்றது, ஒன்றை மாற்றிக் கேட்டால் என்ன வருகின்றது என்று சிறுசிறு சோதனை நிரல்களை எழுதி, உண்மை விண்டோஸில் இயக்கி, வந்த விடையைக் குறித்து, வைனும் அதனையே தருமாறு செய்கின்றனர். இலக்கியங் கண்டபின் இலக்கணம் வகுத்தல் என்பதற்கு இதனினும் நேரிய எடுத்துக்காட்டு யாம் அறியோம்.

நிற்க. விளையாட்டுகளின் நிலை இன்னும் கடினம். சாளரம் வரைதலும் எழுத்திடுதலும் சில நூறு வேண்டுகோள்களில் அடங்கும். முப்பரிமாண விளையாட்டோ நொடிக்கு அறுபது முறை முழுக்காட்சியையும் வரையக் கேட்கும். அதுவும் டைரக்ட்3டி என்னும் விண்டோஸுக்கே உரிய முறையில். நெடுங்காலம் வைன் இதனிடத்துத் தடுமாறிற்று. 2016-இல் வல்கன் என்னும் பொதுவான வரைமுறை வெளியிடப்பட்டபின் நிலைமை மாறத் தொடங்கிற்று. நியர்: ஆட்டோமாட்டா என்னும் ஒரு விளையாட்டைத் தம் லினக்ஸ் கணினியில் ஆட விரும்பிய பிலிப் ரெபோலே என்பவர், டைரக்ட்3டி-இன் வேண்டுகோள்களை வல்கனின் வேண்டுகோள்களாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்பதனை எழுதினார். ஒரு விளையாட்டின்மேற் கொண்ட விருப்பம் எத்துணை ஆயிரம் விளையாட்டுகளுக்கு வழிதிறந்தது!

வால்வ் என்னும் நிறுவனம் அவரை ஆதரித்தது. அந்நிறுவனம் ஸ்டீம் என்னும் விளையாட்டங்காடியை நடத்துவது. தம் கடை நிற்கும் நிலம் பிறர்க்குரியது என்னும் அச்சம் அவர்களுக்கு 2012 முதலே இருந்தது. அவ்வாண்டில் வந்த விண்டோஸ் 8, மைக்ரோசாப்டின் சொந்த அங்காடியைத் தன்னுடன் கொண்டு வந்தது. 2015-இல் லினக்ஸ் தளங்கொண்ட ஸ்டீம் மெஷின் என்னும் கருவிகளை அவர்கள் விற்கச் செய்தனர். அவை விலைபோகவில்லை. லினக்ஸுக்கென எழுதிய விளையாட்டுகள் போதிய அளவு இல்லை. விளையாட்டு இல்லாமையால் வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இல்லாமையால் எழுதுவோர் இல்லை. அவ்வளவில் அவர்கள் வழியை மாற்றினர். எழுதுவோரை வேண்டிக்கொள்வதை விடுத்து, எழுதப்பட்டவற்றையே இயக்குவது என்று துணிந்து, வைனையும் டிஎக்ஸ்விகேயையும் இணைத்துப் புரோட்டான் என்னும் பெயரில் 2018 ஆகஸ்டில் வெளியிட்டனர். 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி இதன்மேல் நிற்பது. அதில் ஆடும் பிள்ளைகளுட் பலர் தாம் ஆடுவது விண்டோஸ் விளையாட்டென்றும், ஆடும் தளம் லினக்ஸ் என்றும் அறியார், அறியவேண்டியதும் இல்லை.

வந்த விருந்து வீட்டின் மரபையும் மாற்றுவதுண்டு. ஒரே நிரலின் பல பகுதிகள் ஒன்றற்கொன்று காத்து நிற்கும் முறை விண்டோஸில் ஒருவகை, லினக்ஸில் ஒருவகை. இதனை இடையில் நின்று மாற்றுவதில் விரைவு குறைந்தது. 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.14 பதிப்பிலே, விண்டோஸின் அம்முறையை நேரே அறிந்த ஒரு பகுதியை லினக்ஸின் கருவிலேயே சேர்த்துக்கொண்டனர். திசைச்சொல்லுக்கு நம் இலக்கணிகள் இடங்கொடுத்தவாறு இது.

எல்லா விளையாட்டுகளும் இவ்வாறு குடிபுக இசைந்தன அல்ல. பலர் கூடி வலைவழியே ஆடும் விளையாட்டுகளில், ஏமாற்றி வெல்வோரைக் கண்டுபிடிக்கக் காவல் நிரல்கள் உண்டு. அவற்றுட் சில இயங்குதளத்தின் கருவரையில் அமர்ந்து கணினி முழுவதையும் நோக்க விரும்புவன. வைன் காட்டும் விண்டோஸுக்குக் கருவறை இல்லை; முன்மண்டபம் மட்டுமே உண்டு. ஈஸி ஆண்ட்டி-சீட், பேட்டில்ஐ என்னும் இரு காவல் நிரல்கள் 2021-இல் புரோட்டானுக்கு இசைவளித்தன. எனினும் அவ்விசைவைப் பயன்படுத்துவதும் விடுவதும் விளையாட்டை ஆக்கியோர் விருப்பம். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்னும் விளையாட்டு 2022-இல் கதவு திறந்து, ஏமாற்றுவோர் அவ்வழியே நுழைகின்றனர் என்று காரணம் காட்டி 2024 அக்டோபர் இறுதியில் கதவடைத்தது. இங்கே தடையாவது நுட்பம் அன்று, நம்பிக்கை. அதற்கு வழுவமைதி எழுத யாராலும் ஆகாது.

இனி, இம்முயற்சி நன்றோ தீதோ என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. தீதென்பார் காட்டும் சான்று ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/2 என்னும் இயங்குதளம். 1992-இல் வந்த அதன் 2.0 பதிப்பு விண்டோஸ் நிரல்களையும் இயக்க வல்லது. அதனையே பெருமையாகச் சொல்லி விற்றனர். விளைந்தது என்ன? நிரல் எழுதுவோர், விண்டோஸுக்கு எழுதினால் இரண்டிலும் ஓடுமே, ஓஎஸ்/2-க்கென்று தனியே எழுதுவானேன் என்றிருந்துவிட்டனர். பிறர் நூல்களையெல்லாம் படிக்கக் கற்றுத் தனக்கென நூலில்லாது போன நாடு போலாயிற்று அது. 2006 இறுதியோடு ஐபிஎம் அதனைக் கைவிட்டது. லினக்ஸுக்கும் இக்கதி வருமோ என்று அஞ்சுவோர் உளர். 2020-இல் ராக்கெட் லீக் என்னும் விளையாட்டு தன் லினக்ஸ் பதிப்பினை நிறுத்தியபோது அவ்வச்சம் மிகுந்தது.

எம் கருத்து வருமாறு. புதிய நிரல்களைப் பொறுத்தவரை அவ்வச்சம் பொய்யன்று. புரோட்டான் உள்ளவரை லினக்ஸுக்கென விளையாட்டு எழுதுவோர் அருகியே இருப்பர். ஆயின் ஓஎஸ்/2 ஒரு நிறுவனத்தின் உடைமை. வாங்குவோர் குறைந்ததும் அது மடிந்தது. லினக்ஸுக்கு அந்நிலை இல்லை. பழைய நிரல்களைப் பொறுத்தவரையோ, இவ்வழக்கே எழுவதில்லை. அவற்றை ஆக்கியோர் மறைந்தனர், அல்லது மறந்தனர். அவற்றைப் புதுத்தளத்திற்கு மாற்றி எழுத மூலநிரல் கிடையாது. அவற்றின் சொற்களுக்கு மறுமொழி கூற ஒருவர் இருந்தாலன்றி அவை ஊமையாய்ப் போகும்.

மறுமொழி கூறும் உரிமை யாருக்குரியது என்னும் வினாவும் ஒருகால் நீதிமன்றம் ஏறிற்று. ஜாவா என்னும் நிரல்மொழியின் வேண்டுகோட் பெயர்கள் அடங்கிய ஏறத்தாழ 11,500 வரிகளைக் கூகுள் நிறுவனம் தன் ஆண்ட்ராய்டில் எடுத்தாண்டது பற்றி ஆரக்கிள் நிறுவனம் வழக்கிட்டது. 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் ஒருபுறமுமாக, அது நியாயமான பயன்பாடே என்று தீர்த்தது. வழக்கு வைனைப் பற்றியது அன்றெனினும், வைன் போன்ற முயற்சியில் ஈடுபட்டோர் பலர் அத்தீர்ப்பை எதிர்நோக்கியிருந்தனர்.

மீண்டும் எம் குறுந்தகட்டிற்கு வருவோம். சாளரம் எழுந்தது என்றோமேயன்றித் தமிழ் எழுந்தது என்றிலோம். சொல்லடைவு இருக்கவேண்டிய இடத்தில் மேற்புள்ளியும் கீழ்வாலும் உடைய ஐரோப்பிய எழுத்துகள் தாறுமாறாய் நிறைந்திருந்தன. யூனிகோடு பரவாத காலத்தில், ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய எண்களிலே தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த எழுத்துருக்களை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி செய்துகொண்டனர். அவ்வெழுத்துரு இல்லையேல் அவ்வெண்கள் தம் பழைய உருவையே காட்டும். தகட்டினுள் தேடி, எழுத்துருக் கோப்பினைக் கண்டெடுத்து, வைன் காட்டும் சி வட்டின் எழுத்துரு உறைக்குள் இட்டோம். நிரலை மூடித் திறந்தோம். தமிழ் வந்தது. அன்று துறையில் இருந்த ஆசிரியர் தாமே வந்தமர்ந்து ஒரு சொல்லை இட்டுப் பார்த்தார். விடை வர, தம் கைக்குறிப்பேட்டோடு ஒப்பிட்டுத் தாம் விட்டுவிட்ட ஓரடியைக் குறித்துக்கொண்டார்.

குறை சிலவும் உள. அச்சிடுங்கால் மெய்யெழுத்தின் புள்ளி தன்னிடம் விட்டு அடுத்த எழுத்தின்மேல் ஏறுகின்றது. காட்டும் அடிகளைப் படியெடுத்து எம் கட்டுரைக் கோப்பில் ஒட்டினால் மீண்டும் ஐரோப்பியக் குழப்பமே வருகின்றது. ஆதலாற் கையால் எழுதிக்கொள்ளவேண்டும். அனைத்தையும் யூனிகோடிற்கு மாற்றிவிடலாமே என்று கேட்போர்க்கு: தரவு முழுவதும் அந்நிரலே அறிந்த ஒரு வடிவிற் பூட்டப்பட்டுள்ளது, திறவுகோல் நிரல் ஒன்றே. ஆகவே ஒவ்வொரு நூலாக நிரலைக் கொண்டே வெளியிற் கொணரும் பணியை எம் வகுப்பினர் தொடங்கியுள்ளோம். தகட்டின் விளிம்பில் வெள்ளிப்பூச்சு உரியத் தொடங்கியிருந்தமையால், அதன் முழுப்படிகள் இரண்டு எடுத்து நூலகரிடம் ஒப்படைத்தோம்.

அக்கணினி துறை நூலகத்தின் கீழைச் சாளரத்தருகே உளது. பயன்படுத்த விழைவோர் மாலை நான்கு மணிக்குமேல் நூலகரிடம் கேட்டுப் பெறலாம். விளையாட்டுகளை அதில் நிறுவற்க. எழுத்துரு உறையைத் தொடற்க.